சரிவில் நிற்கும் மண் – வாசகர் கேள்வி பதில்

மலைநிலங்களில் மண்ணையும் நீரையும் காக்கும் முறைகளை விவசாயிகள் ஏன் எளிதில் ஏற்பதில்லை, ஏற்கச் செய்வதற்கு என்ன வழி என்று கேட்டு இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், அவற்றில் எட்டுக் கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி: கோத்தகிரி வட்டாரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஊர் ஊராகக் கூட்டம் நடத்தி மண்ணரிப்பைப் பற்றிச் சொல்லி வருகிறோம். எல்லோரும் பொறுமையாகக் கேட்கிறார்கள். ஆனால் அடுத்த போகத்தில் கேரட் பாத்தியை மறுபடியும் மேலிருந்து கீழாகவே எடுக்கிறார்கள். இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது? (கோத்தகிரி வாசகர்)

பதில்: அவர்களுக்குப் புரியாமல் இல்லை. தம் நிலத்து மண் ஓடைக்குப் போவதை நம்மைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் அவர்கள்தாம். பாத்தியைக் கீழ்நோக்கி எடுப்பதற்கு அவர்களிடம் வலுவான காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களுக்கு நாம் பதில் சொல்லாதவரை கூட்டங்களால் பயன் விளையாது.

நீலகிரியில் ஏப்ரல், மே மாதங்களில் கார்போகமும், ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகமும், ஜனவரி, பிப்ரவரியில் நீர்போகமும் விதைக்கிறார்கள். கடைபோகப் பயிரில் கிழங்கு பருக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வந்து சேரும். அந்த நேரத்தில் பாத்தியில் தண்ணீர் தேங்கினால் கேரட் அழுகும். உருளைக்கிழங்கில் இலைக்கருகல் நோய் பரவும். அப்போது விவசாயி இழப்பது ஒரு போகத்தின் முழு முதலீட்டையும். எனவே, தண்ணீர் ஒரு நொடியும் நிற்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காகவே பாத்தியைக் கீழ்நோக்கி எடுக்கிறார். இதில் உடல் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. மேலே பார்த்து நின்று கொத்தினால் மண் தானாகச் சரிந்து வரும்; சரிவுக்குக் குறுக்கே கொத்துபவரோ ஒரு கால் உயரத்திலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நாள் முழுவதும் நிற்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கூடுதலாகத் தேவைப்படும்; கூலியும் கூடும்.

ஆகவே, 'பாத்தியைக் குறுக்கே போடுங்கள்' என்று மட்டும் சொன்னால், 'உங்கள் பயிரை அழுகவிடுங்கள்' என்பதாகவே அது அவர் காதில் விழும். குறுக்கே எடுக்கும் பாத்தியை முழுச் சமமட்டத்தில் எடுக்காமல், நூறு அடி நீளத்துக்கு அரை அடி முதல் ஓர் அடி வரை தாழ்வாக எடுக்கச் சொல்லுங்கள். அந்த வாட்டம் போதும். தண்ணீர் தேங்காது, மண்ணை இழுத்துக்கொண்டு ஓடாது, வாய்க்கால் வழியே நடந்து போகும். ஆனால் அது போய்ச் சேரும் இடத்தில் புல் மூடிய ஒரு வடிகால் இருக்க வேண்டும். வடிகாலைக் காட்டாமல் பாத்தியின் திசையைப் பற்றிப் பேசுவதுதான் நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. நானும் பல ஆண்டுகள் அதைச் செய்திருக்கிறேன்.

புரியவைப்பதைப் பொறுத்தவரை, எனக்குப் பலன் தந்த ஒரு வழியைச் சொல்கிறேன். மழை பெய்துகொண்டிருக்கும்போதே விவசாயியுடன் நிலத்துக்குப் போய், பாத்திக் காலில் ஓடிவரும் தண்ணீரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் அவரையே பிடிக்கச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே புல்வரப்பு உள்ள நிலம் இருந்தால், அதன் கீழ்ப்புறத்தில் வழியும் தண்ணீரை இன்னொரு பாட்டிலில் பிடிக்க வேண்டும். இரண்டையும் அவர் வீட்டுத் திண்ணையில் அசையாமல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விடிந்து பார்த்தால் முதல் பாட்டிலின் அடியில் கறுத்த மண் விரற்கடை உயரத்துக்குப் படிந்திருக்கும். அதன் மேல் தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் இன்னும் தெளியாமல் நிற்கும். மற்றதில் ஒரு மெல்லிய கோடுதான் இருக்கும். ஒரு முறை, ஒரு முதியவர் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் இருந்த மண்ணை உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார். அதில் மணலே இல்லை. அவ்வளவும் நயமான மண்ணும், போன வாரம் அவர் போட்ட எருவின் தூளும். "எருவுக்கு நான் கொடுத்த காசு இது" என்றார். அதன் பிறகு நான் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

எண்களும் உதவும். உதகமண்டலத்தில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் சோதனை நிலங்களில், 25 சதவீதச் சரிவில் உருளைக்கிழங்கைக் கீழ்நோக்கி நட்டபோது எக்டருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 39 டன் மண் அரித்துப் போனது. சரிவுக்குக் குறுக்கே நட்டபோது அது ஏறத்தாழ 15 டன்னாகவும், படிமட்டங்களில், அதாவது சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில், நட்டபோது ஒரு டன் அளவுக்கும் குறைந்தது. எக்டர் கணக்கை விவசாயியிடம் சொல்ல வேண்டாம். ஏக்கருக்கு மாற்றினால், கீழ்நோக்கிய பாத்தியில் ஆண்டுக்குச் சுமார் 16 டன். ஐந்து டன் ஏற்றும் டிப்பர் லாரியில் மூன்று நடைக்கும் மேல் என்று சொல்லுங்கள். மலையில் எரு வாங்கி இறக்குகிறவருக்கு ஒரு நடையின் விலை தெரியும்.

முழு நிலத்தையும் மாற்றச் சொல்லாமல், ஐந்து பாத்திகளை மட்டும் ஒரு போகத்துக்குக் கேளுங்கள். அறுவடையில் அந்த ஐந்தையும் தனியே எடைபோடுங்கள். அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசாதீர்கள், அவர் பேசட்டும்.

கேள்வி: எனக்கு ஓர் ஏக்கர் சரிவு நிலம் உள்ளது. படிமட்டம் அமைத்தால் நிலம் வீணாகும், முதல் இரண்டு ஆண்டுகள் விளைச்சலும் குறையும் என்கிறார்கள். இது உண்மையா? (குன்னூர் வாசகர்)

பதில்: இரண்டும் உண்மைதான். இதை மறைத்துவிட்டுப் படிமட்டத்தைப் பரிந்துரைப்பவர்கள் மேல் விவசாயிக்கு நம்பிக்கை போய்விடுகிறது. ஆகையால் கணக்கை முழுமையாகவே பார்ப்போம்.

உங்கள் நிலம் 25 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். அதாவது நூறு அடி கிடைத்தூரத்துக்கு 25 அடி இறக்கம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உயர வேறுபாடு வைத்தால், ஒவ்வொரு படிக்கும் ஆறு மீட்டர் கிடைத்தூரம் கிடைக்கும். படியின் முகப்புச் சரிவை ஒரு மீட்டர் உயரத்துக்கு அரை மீட்டர் சாய்வாகச் செதுக்கினால், அந்த ஆறு மீட்டரில் முக்கால் மீட்டர் முகப்புக்குப் போகும். எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏக்கருக்குப் பன்னிரண்டரை சென்ட். மண் இளகியதாக இருந்து முகப்பை இன்னும் படுக்க வைக்க வேண்டியிருந்தால் இழப்பு இரு மடங்காகும். முகப்பில் புல் வளர்த்து மாட்டுக்கு அறுத்தால் அந்த இடம் முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. மாடு இல்லாதவருக்கோ அது இழப்புத்தான்.

விளைச்சல் குறைவுக்குக் காரணம் வேறு. படி வெட்டும்போது மலையை ஒட்டிய உட்புறத்தில் ஏறத்தாழ முக்கால் மீட்டர் ஆழம் வரை வெட்டி வெளிப்புறத்தில் நிரப்புகிறோம். மேலே இருக்கும் ஒரு சாண் வளமான மண் அடியில் புதைந்து, உயிரற்ற செம்மண் மேலே வந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் உடனிருந்து மேற்பார்வையிட்ட ஒரு பணியிலேயே இது நடந்தது. இயந்திரம் மணிக்கணக்குக் கூலியில் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் மேல்மண்ணை ஒதுக்காமல் வெட்டிவிட்டோம். அடுத்த போகத்தில் அந்தப் படிகளின் உட்பாதியில் முட்டைக்கோஸ் கைப்பிடி அளவுக்கு மேல் வரவில்லை. நிலத்துக்காரர் என்னிடம் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. ஆனால் அந்த ஊரில் அதன் பிறகு எட்டு ஆண்டுகள் ஒருவரும் படிமட்டத்துக்கு முன்வரவில்லை.

எனவே முறை இதுதான். வேலையைச் சரிவின் அடியிலிருந்து தொடங்குங்கள். கீழ்ப்படிக்குரிய மேல்மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு அந்தப் படியை வெட்டுங்கள். அடுத்ததாக அதற்கு மேலுள்ள படியின் மேல்மண்ணை வழித்து, வெட்டி முடித்த கீழ்ப்படியின் மேல் பரப்புங்கள். இப்படியே மேலே ஏறிச் செல்லும்போது, ஒவ்வொரு படியும் தன் மேற்படியின் வளமான மண்ணைப் பெறும். கடைசியாக எஞ்சும் உச்சிப்படிக்கு, முதலில் குவித்த மண்ணைச் சுமந்து சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் தொழு உரத்தை அங்கே கூடுதலாக இடுங்கள். ஆள் கூலி சற்றுக் கூடும் என்றாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படியின் தளம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கக் கூடாது. நல்ல மழை பெறும் மலைகளில் உட்புறமாக நூற்றுக்கு இரண்டு, இரண்டரை அளவு சாய்வு வைத்து, மேலுள்ள படியின் முகப்பு அடியில் ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் புல் வடிகாலுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். பொதுவாக 16 முதல் 33 சதவீதம் வரையான சரிவுக்கே படிமட்டம் ஏற்றது. அதற்கும் செங்குத்தான நிலத்தில் காய்கறியை மறந்துவிட்டு, தேயிலை, பழமரங்கள் போன்ற நிலையான பயிர்களை வைப்பதே நல்லது. நீலகிரியில் மண்வெட்டும் இயந்திரங்களைப் பயன்படுத்த மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிப் பொறியாளரை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒரே ஆண்டில் ஏக்கர் முழுவதையும் வெட்ட வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு இருபது, இருபத்தைந்து சென்ட் என்று பிரித்துக்கொண்டால் விளைச்சல் குறைவைக் குடும்பம் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: வாட்டம் பார்க்கும் கருவி விலை அதிகம். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: மூன்று மூங்கில் கழிகளும், கொஞ்சம் கயிறும், ஒரு கல்லும் இருந்தால் போதும். ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட இரண்டு கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கழியைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை நிறுத்திக் கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்கள் நின்ற இடங்களை மாற்றி நிறுத்தி மீண்டும் ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். அந்தப் புள்ளியில் கயிறு நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்து, தொட்ட இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். நூற்றுக்கு ஒன்று வாட்டம் வேண்டுமானால், ஒரு காலின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கட்டையை ஆணியடித்து, அந்தக் காலை எப்போதும் தண்ணீர் போக வேண்டிய பக்கமாக வைத்து நடந்தால் போதும்.

கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டமும் இதற்கு நன்றாக உதவும். ஆனால் மூங்கில் சட்டத்துக்கு வேறொரு சிறப்பு உண்டு. தானே கட்டிய கருவியால் தானே கோடு போட்ட விவசாயி, அந்தக் கோட்டை அடுத்த போகத்தில் கலைப்பதில்லை.

கேள்வி: 2009ஆம் ஆண்டு நவம்பர் மண்சரிவை நேரில் பார்த்தவன் நான். மழைநீரை நிலத்தில் இறக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீர் இறங்கி ஊறிப்போனதால்தானே அன்று மலை சரிந்தது? அகழி வெட்டுவது ஆபத்தல்லவா? (கேத்தி வாசகர்)

பதில்: மிகச் சரியான கேள்வி; சமவெளிக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே மலைக்குக் கொண்டுவருபவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்த நவம்பரில் சில நாள்களில் கொட்டிய மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கனமான மண்போர்வை உள்ள செங்குத்துச் சரிவில் நீர் அளவுக்கு மீறி இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது; மண்துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பிடிப்பு தளர்கிறது; அடியில் இறுகிய பாறையோ களிமண் படலமோ இருந்தால் அதன் மேல் முழுப் போர்வையும் வழுக்கி இறங்குகிறது.

ஆகவே மலையில் நாம் காக்க வேண்டியவை இரண்டு. மேல்மண் அரித்துப் போகக் கூடாது; மிகையான நீர் மலையின் உள்ளே சிறைப்படவும் கூடாது. சரிவு மிதமாக, மழை குறைவாக உள்ள இடங்களில், சமமட்டத்தில் இடைவெளி விட்டு வெட்டிய சிறு அகழிகள் நல்லவை. செங்குத்தான, பெருமழை பெறும், முன்பு சரிந்த தழும்புள்ள, அல்லது கீழே வீடுகள் உள்ள இடத்தில் தண்ணீரைத் தேக்கும் அகழி வேண்டாம். வாட்டமுள்ள வாய்க்கால்களும் உறுதியான வடிகாலுமே வேண்டும். நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு தெரிந்தாலோ, மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தாலோ, புதிதாக ஊற்று கிளம்பினாலோ அந்த இடத்தில் எந்த வெட்டு வேலையும் செய்யாமல் வட்டாட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சரிவின் அடியைக் குடைந்து வீடு கட்டுவதும், ஓடை வழியை மண் போட்டு மூடுவதும் எந்த அகழியைவிடவும் ஆபத்தானவை. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

கேள்வி: என் நிலத்தில் எல்லாம் முறையாகச் செய்திருக்கிறேன். மேல்நிலத்துக்காரர் எதுவும் செய்வதில்லை. அவர் நிலத்துத் தண்ணீர் என் படிகளை உடைத்துக்கொண்டு வருகிறது. (உதகை அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. மலையில் யாருடைய நிலமும் தனி நிலமாக இருப்பதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நீர்வடிப்பகுதி. உடனடியாகச் செய்யக்கூடியது, உங்கள் நிலத்தின் தலைமாட்டில் ஒரு திருப்பு வாய்க்காலை வாட்டத்தோடு வெட்டி, வரும் தண்ணீரை ஓரமாக இயற்கைப் பள்ளத்துக்குத் திருப்புவது. அந்தப் பள்ளத்தில் முந்திய பருவத்திலேயே புல் வேரூன்றியிருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மொட்டைப் பள்ளத்தில் தண்ணீரை விட்டால் ஒரே மழையில் அது ஓடையாகிவிடும்.

மேல்நிலத்துக்காரரிடம் பேசும்போது குற்றம் சாட்டாமல் நூற்புழுவைப் பற்றிப் பேச்செடுங்கள். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அதன் கூடுகள் குண்டூசித் தலையளவு கூட இருக்காது. மண்ணோடு மண்ணாக ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஓடும் மண்ணோடு கீழ்நிலங்களுக்கு இறங்கும். அவர் நிலத்துக்கு மேலேயும் ஒருவர் நிலம் இருக்குமே! தமக்கு மேலிருந்து எது வருகிறது என்று அவரும் யோசிக்கத் தொடங்கினால், மூன்று நிலங்களுக்கும் பொதுவாக ஒரு வடிகால் என்ற பேச்சுக்கு இடம் கிடைக்கும். பொது வடிகாலுக்குத்தான் வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தை முதலில் கேட்க வேண்டும்; தனியொருவர் தன் காசில் செய்ய முடியாத வேலை அதுவே.

கேள்வி: நான் ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பூண்டும் கேரட்டும் போடுகிறேன். அடுத்த ஆண்டு இதே நிலம் எனக்குக் கிடைக்குமா என்பதே தெரியாது. என்னிடம் படிமட்டம், கல்கட்டு என்று பேசுவது நியாயமா? (கொடைக்கானல் மேல்மலை வாசகர்)

பதில்: நியாயமில்லை. இருபது ஆண்டு பலன் தரும் வேலையை, பத்து மாதம் நிலத்தை வைத்திருப்பவரிடம் எதிர்பார்ப்பது தவறு. ஊக்குவிப்புத் திட்டங்கள் பல தோற்பது இந்த இடத்தில்தான்; பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மானியம் போகிறது, மண்வெட்டியைப் பிடிப்பவர் வேறொருவர்.

குத்தகைக்காரர் ஒரே போகத்தில் பலன் பார்க்கக்கூடியவை சில உண்டு. பாத்தியை வாட்டத்தோடு குறுக்கே எடுப்பதற்குக் கூடுதல் முதலீடு இல்லை. அறுவடைக்குப் பின் நிலத்தை மொட்டையாக விடாமல், கிடைக்கும் தழை, பூண்டுத் தாள், காய்ந்த புல் எதையாவது மூடாக்காகப் பரப்பினால், கோடை இடிமழையின் முதல் அடி மண்ணில் நேரே விழாது. மண்ணைப் பெயர்ப்பதில் ஓடும் தண்ணீருக்கு முன்பே விழும் துளிக்குப் பங்கு உண்டு. கையளவு தழை அந்த அடியை வாங்கிக்கொள்ளும். எருவை ஒரே தவணையில் கொட்டாமல், மழை ஓய்ந்த நாள்களில் பிரித்து இடுவதும் உங்கள் காசைக் காப்பாற்றும்.

நிரந்தர வேலைகளுக்கு நிலத்துக்காரரிடம் பேச வேண்டும். ஐந்தாண்டு எழுத்துக் குத்தகை கொடுத்தால் குத்தகைக்காரர் ஆண்டுக்கு இரண்டு வரப்பு கட்டித் தருவார் என்றோ, கட்டிய வேலையின் கூலியைக் குத்தகையில் கழித்துக்கொள்ளலாம் என்றோ உடன்பாடு எழுதலாம். நடுவில் நிலத்தைத் திரும்ப எடுத்தால் மீதிக் கூலியைத் தர வேண்டும் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். இத்தகைய உடன்பாட்டுக்கு ஊர்ப் பெரியவர்கள் சாட்சி நிற்பது, எங்களைப் போன்றவர்கள் நடத்தும் பத்துக் கூட்டங்களைவிடப் பயனுள்ளது.

கேள்வி: எங்கள் நாட்டில் மண் பாதுகாப்புக்கென்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் மழை பெய்தால் மரக்கறித் தோட்டங்களின் மண் ஆற்றில்தான் போகிறது. கண்டிப்பாகச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினால் என்ன? (நுவரெலியா வாசகி)

பதில்: இலங்கையின் மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. தமிழ்நாட்டிலும் 1959இல் நில மேம்பாட்டுத் திட்டங்கள் சட்டம் வந்தது. ஆற்றோரத்தை ஆக்கிரமிப்பது, காப்பு நிலத்தில் மரம் வெட்டிப் பயிர்செய்வது போன்றவற்றைச் சட்டத்தால்தான் தடுக்க முடியும். ஆனால் ஒருவர் தம் நிலத்தில் வரப்பு கட்டி, அதை ஆண்டுதோறும் பழுது பார்ப்பதைச் சட்டத்தால் வாங்க முடியாது. பராமரிப்பு இல்லாத வரப்பு, வரப்பே இல்லாததைவிடக் கெடுதி. உடையும் இடத்தில் தண்ணீர் முழுவதும் ஒன்றாகப் பாயும்.

கென்யாவின் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் அங்குள்ள மலைநிலங்களில் மண்ணரிப்பைத் தடுக்க வேண்டும் என்று, ஊராரைக் கட்டாயமாக இறக்கிப் படிகள் வெட்டச் செய்தார்கள். வேலையின் சுமை பெரும்பாலும் பெண்கள் மேல் விழுந்தது. 1940களின் இறுதியில் முராங்கா பகுதியில் பெண்கள் இனி வரமாட்டோம் என்று மறுத்துப் போராடினார்கள். மச்சாக்கோஸ் என்னும் வறண்ட மலைப்பகுதியில், 1938இல் கால்நடைகளைக் கட்டாயமாகக் குறைக்க முயன்றபோது மக்கள் நைரோபிக்கே திரண்டு சென்றார்கள். கட்டாயத்தில் வெட்டிய படிகள், விடுதலை நெருங்கிய ஆண்டுகளில் கவனிப்பாரற்றுப் போயின.

ஆனால் அதே மச்சாக்கோஸ் மக்கள், பின்வந்த சில பத்தாண்டுகளில் யாரும் விரட்டாமலே பெரும்பாலான விளைநிலங்களைப் படிகளாக்கினார்கள். சமமட்டத்தில் பள்ளம் வெட்டி, அந்த மண்ணை மேற்புறமாக வீசி வரப்பாக்குவது அவர்களுடைய முறை. சில ஆண்டுகளில் மண் தானே வந்து படிந்து படியாகிவிடும். ஒருவர் நிலத்தில் எல்லோரும் சேர்ந்து உழைத்து, அடுத்த வாரம் இன்னொருவர் நிலத்துக்குப் போகும் 'ம்வெத்யா' என்ற கைமாற்று வேலைக்குழுக்கள் அங்கே உண்டு. அவற்றில் பெண்களே மிகுதி. இன்னொரு காரணமும் இருந்தது. காப்பியும், நைரோபிச் சந்தைக்குப் போகும் காய்கனிகளும் நல்ல விலை பெற்றன. படியில் தேங்கிய ஈரம் அந்த விளைச்சலாக மாறியது. நிலம் தங்களுடையது, விளைச்சலுக்கு விலை உண்டு, வேலைக்குத் துணை உண்டு என்ற மூன்றும் கூடிய இடத்தில் சட்டத்தின் தேவை குறைந்துபோனது.

உங்கள் ஊரிலும் கைமாற்று வேலை வழக்கம் இருந்திருக்கும். உயரம் குறைந்த தோட்டங்களில், சமமட்டக் கோடுகளில் கிளிரிசிடியா என்னும் தழைமரத்தை வேலியாக நட்டு, கவாத்துத் தழையைப் பாத்திக்குப் போடுவது இலங்கைக்குப் பழகிய முறைதான். நுவரெலியாவின் குளிரில் அது தழைக்காது. அங்கே புல்வரிசைகளைத்தான் நம்ப வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் மண் பாதுகாப்புக் கூட்டங்களுக்கு ஆண்களைத்தான் அழைக்கிறார்கள். கொத்துவதும் களை எடுப்பதும் நாங்கள். சாமை போட்ட நிலமெல்லாம் இப்போது மரவள்ளி. கிழங்கு பிடுங்கிய பிறகு நிலம் உழுததுபோல் கிடக்கிறது. நாங்களாக ஏதாவது செய்ய முடியுமா? (கொல்லிமலை வாசகி)

பதில்: முடியும், அம்மா. மரவள்ளி இலைப்போர்வை நிலத்தை மூடுவதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகிறது. அதுவரை மண் திறந்து கிடக்கும். பிடுங்கும்போது மறுபடியும் கிளறப்படும். நட்ட உடனே இடைவரிசையில் தட்டைப்பயறோ அவரையோ ஊன்றினால், அந்த மூன்று மாதமும் நிலம் மூடியிருக்கும். வீட்டுக்குப் பயறும் கிடைக்கும். சரிவுக்குக் குறுக்கே பத்து, பன்னிரண்டு அடிக்கு ஒரு வரிசையாக அன்னாசிக் கன்றுகளை நெருக்கி நடுங்கள். அன்னாசி உங்கள் மலைக்கு ஏற்றது, பழமும் விலை போகும். அதன் மேற்புறம் மண் சேர்ந்து சேர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகளில் சிறு படியாகிவிடும். கிழங்கு பிடுங்கும்போது முழுச் சரிவையும் ஒரே வாரத்தில் பிடுங்காமல், ஒரு பட்டையை விட்டு ஒரு பட்டையாகப் பிடுங்கினால், நிற்கும் பட்டை கீழிறங்கும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

கூட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. இந்தப் பக்கத்தைப் படிக்கும் களப்பணியாளர்களும் அலுவலர்களும் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் வைத்தால், மண்வெட்டி பிடிக்கும் ஒரு கையும் அங்கே இருக்காது. வேலைக்கு நடுவே நிழலில் உட்காரும் நேரத்தில், அவர்கள் கொத்திக்கொண்டிருக்கும் பாத்தியருகே மூங்கில் சட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கள். முதல் முளைக்குச்சியை அவர்கள் கையில் கொடுங்கள்.